எதிர்த்துப் பேசினவள்

அப்பாவின் உடலுக்கு அணிவித்த காக்கிச் சட்டைக்கு மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அத்தை சொன்னது மகளின் காதில் விழுந்தது.

"உப்பு டப்பாவைப் பிடுங்கிட்டு இவ கத்துன கத்துலதான் என் தம்பிக்கு பிரஷர் ஏறிடுச்சு. வாயா அது!"

மகளின் கை நின்றுவிட்டது. நேற்றுக் காலை கத்தியது உண்மை. அப்பாவும்தான் கத்தினார். ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான்தான் கொன்றுவிட்டேனா என்ற கேள்வி அப்போதிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். காற்று பலமாக அடித்தால், எந்தக் கொம்பன் வந்து மிரட்டினாலும் பாரம் தூக்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷருக்கு ரத்த அழுத்தம் வந்தால் கோபம்தான் காரணம் என்று எல்லோருமே முடிவு கட்டிவிட்டார்கள். அவருக்குக் கோபம் வரக்கூடாதென்று பத்து வருஷமாக வீடே ஆமாம் சாமி போட்டது. சீட்டாட்டத்தில் அவர் அப்பட்டமாக ஏமாற்றினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தோற்றார்கள். மகள் மட்டும் சீட்டை வீசியெறிந்துவிட்டுச் சண்டைக்கு நிற்பாள்.

அம்மா எழுந்தாள்.

"அண்ணி, சண்டையாலயான்னு டாக்டர்கிட்ட நானே கேட்டேன். சண்டை இல்லேன்னாலும் வந்திருக்கும்னார். கிட்னிக்குப் போற ரத்தக்குழாய் ரெண்டும் சுருங்கிக் கிடந்துச்சு. ரத்தம் பத்தலைன்னு கிட்னியே பிரஷரை ஏத்திக்கிட்டு இருந்துச்சாம். அதான் நாலு மாத்திரைக்கும் அடங்கல. நேத்து நுரையீரல்ல நீர் கோத்துடுச்சு. போன மாசம் இவ சண்டை போட்டு ஸ்கேனுக்கு இழுத்துட்டுப் போகலேன்னா இதுகூடத் தெரிஞ்சிருக்காது." அம்மா மகளின் தோளைத் தொட்டாள். "நாங்கள்லாம் பயந்து வாயை மூடிக்கிட்டோம். இவதான் அவரை முழு மனுஷனா நடத்துனா. 'என் பொண்ணு என்னை மாதிரி'ன்னு தெருவெல்லாம் சொல்லிப் பூரிச்சுக்கிட்டுத் திரிஞ்சார்."

மகளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே மிச்சப் பொத்தான்களைப் போட்டு முடித்தாள்.

வாசலில் துறைமுக மேலாளரின் குரல் கேட்டது. "கப்பல் காத்துக்கிட்டு இருக்கு. ரெண்டு பேர் இங்க இருங்க, மத்தவங்க வேலைக்குக் கிளம்புங்க."

அப்பாவை வழியனுப்ப வந்திருந்த நாற்பது துறைமுகத் தொழிலாளிகளும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சார், இருபது வருஷம் இவங்க தலைக்கு மேல பாரம் தூக்குனவர் எங்கப்பா. ஒருத்தர் தலையிலயும் ஒரு ஆணிகூட விழுந்ததில்ல. எல்லாரும் கூட வந்துதான் அனுப்புவாங்க."

"சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா."

"இருக்கட்டும். வாங்க, சட்டத்தையே பேசுவோம்!"

தெருக்கோடி வரை கேட்டது. அத்தை உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். அவள் கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"தொண்டை கட்டிக்கப்போகுது. குடிச்சுட்டுப் பேசு."