உப்பு பார்த்த சட்டி

வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காத ஜலதோஷம், பன்றி வெட்டிய மறுநாள் காலையாகப் பார்த்துப் பெனிதாவைப் பிடித்துக்கொண்டது. மரத்தொட்டி நிறையக் கொத்துக்கறி. பூண்டும் புகை மணக்கும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசைந்து ஊறவைத்தாயிற்று. இனி ஒரு பிடி வறுத்து உப்பு, காரம் பார்த்துவிட்டுக் குடலில் அடைத்து, அடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டியதுதான். அடைத்த பிறகு கூடினாலும் குறைந்தாலும், அடுத்த பனிக்காலம் வரை வீடே அந்தச் சோரிசோத் தொத்திறைச்சியைத்தான் தின்றாக வேண்டும்.

மாமியார் இருந்தவரை ருசி பார்ப்பது அவர் பொறுப்பு. இந்த வருஷம்தான் அது பெனிதாவுக்கு வந்திருக்கிறது. நாத்தனார் எலாதியாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. மூக்கடைப்பு என்று தெரிந்தால் கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள். அப்புறம் இந்த ஜென்மத்தில் அது திரும்பி வராது.

பெனிதா ஒரு பிடியைச் சட்டியில் வறுத்து, ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். வைக்கோலைத் தின்றிருந்தாலும் அவளுக்கு அதே ருசிதான்.

"எப்படிங்க இருக்கு?" என்று புருஷன் சதுர்னினோவிடம் நீட்டினாள்.

"அமிர்தம்!"

அந்த மனுஷன் சூடாக எதைக் கொடுத்தாலும் அமிர்தம் என்பார். அவரை நம்பிப் பிரயோஜனமில்லை. சட்டியை நாத்தனார் பக்கம் தள்ளினாள்.

"நீங்க சொல்லுங்க அண்ணி."

எலாதியா முன்பல்லால் கடித்தாள். "உப்புன்னு ஒண்ணு போட்டியா, இல்லியா? எங்கம்மா மட்டும் தின்னிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பாங்க."

பக்கத்திலிருந்த ரொட்டியை அவள் தொடவேயில்லை. பெனிதா அதைக் கவனித்தாள். ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்து, மறுபடி வறுத்தாள்.

"காரம் எங்கடி? கைக்குழந்தைக்கா ஊட்டப் போற?" என்றாள் எலாதியா. இந்தத் தடவை ரொட்டியில் ஒரு ஓரம் குறைந்திருந்தது. பெனிதா மிளகாய்த்தூளைக் கூட்டினாள்.

மூன்றாவது வறுவலுக்கு, "பூண்டு தூக்கல். உப்பும் இப்ப ஏறிப்போச்சு. உனக்கு இதெல்லாம் வராதுடி" என்று எலாதியா அடுக்கிக்கொண்டே போனாள். வலது கை மட்டும் ரொட்டியைப் பிய்த்துச் சட்டியின் சிவந்த எண்ணெயை வழித்துக்கொண்டிருந்தது. சதுர்னினோ தன் ரொட்டியை நீட்டியபோது அவர் கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

"போதும். அடைக்கலாம்" என்றாள் பெனிதா.

"நான் இவ்வளவு சொல்றேன், காதுல ஏறலியா?"

"ஏறுச்சு அண்ணி. குடலை எடுங்க."

மதியத்துக்குள் கடைசிச் சோரிசோவும் உத்தரத்தில் ஏறிவிட்டது. எலாதியா வறுவல் மிச்சமிருந்த சட்டியோடு உட்கார்ந்து, "வருஷம் பூரா எல்லாரும் உன்னைத் திட்டிக்கிட்டேதான் திங்கப் போறாங்க, பாரு" என்றாள்.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த தும்மலைப் பெனிதா அப்போதுதான் விட்டாள். ஜன்னல் அதிர்ந்தது.

"உங்களையும் சேத்துத்தான் அண்ணி திட்டணும். காலையிலேருந்து ஜலதோஷம், எனக்கு ஒரு ருசியும் தெரியல. உங்க ரொட்டியப் பாத்துத்தான் எல்லாம் போட்டேன்."

எலாதியாவின் ரொட்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. சதுர்னினோவுக்கு ஒயின் புரையேறியது. எலாதியா ரொட்டியை மெல்லக் கீழே வைத்தாள். சட்டியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. ரொட்டியைத் திரும்ப எடுத்தாள்.

"சரி சரி, அடுத்த வருஷமும் மறக்காம ஜலதோஷம் பிடிச்சுக்கோ" என்றாள்.