மைக்கில் சொன்ன சர்க்கரை

சர்க்கரை நோய் பரிசோதனைக்கு வாருங்கள் என்று நர்ஸம்மா தெருத்தெருவாகத் தொண்டை வறளக் கத்தியும் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவரிடம் போய் நின்றாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஜனங்க கேப்பாங்க ஐயா."

"நானே பாத்துக்காம எப்படிம்மா சொல்றது?"

பிரார்த்தனை முடிந்து கூட்டம் கலைவதற்குள், எல்லார் முன்னாலும் விரலை நீட்டினார். கருவியில் வந்த எண்ணைப் பார்த்ததும் நர்ஸம்மா அதைக் கையால் மறைத்தாள். "அப்புறமா தனியா சொல்றேன் ஐயா" என்று குசுகுசுத்தாள். அவரோ கருவியை வாங்கிப் பார்த்துவிட்டு மைக்கை இழுத்தார்.

"எனக்கு முன்னூத்திப் பத்து. வீட்டுக்கு வந்தா இனிப்பை அள்ளி வைக்கிறவங்க எல்லாம் கேட்டுக்கங்க, இனிமே வேண்டாம். நான் மறைச்சா நீங்களும் மறைப்பீங்க. அதான் சொல்றேன்."

கூடம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் நின்றார்கள். பெரியவரை மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டபடியே நர்ஸம்மா ஒவ்வொரு விரலாகக் குத்திக்கொண்டிருந்தாள்.

கூட்டம் போனதும் பெரியவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மைக் அணைந்திருந்தது.

"உனக்கு எவ்வளவும்மா?"

அவள் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, அக்காவுக்கும் இருக்கிறது. ஊரார் விரலையெல்லாம் குத்தியவள், தன் விரலை மட்டும் பயந்து பயந்து ஒளித்தே வைத்திருந்தாள். மெதுவாக ஒரு புது ஊசியை எடுத்தாள்.

பெரியவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீ மட்டும் பாரு. நான் பாக்கல."