எட்டும் ஏழும் பதினாலு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பள்ளிக்கூடம் எட்டாத இடங்களில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு வானொலியில் கணக்குச் சொல்லித்தரும் ஒரு டீச்சரைப் பார்க்கப் போயிருந்தேன். குளியலறை அளவுக்கு ஓர் அறை. சுவரெல்லாம் பஞ்சு. "ஆறும் மூணும் எத்தனை? சொல்லு கண்ணு" என்று மைக்கிடம் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஆறு விநாடி. பிறகு முகமெல்லாம் மலர, "ரொம்ப சரி!" என்றாள்.

அந்த ஆறு விநாடியில் மலைக்கு அப்பால் எத்தனை வாய்கள் திறந்திருக்கும்! எனக்குப் புல்லரித்துவிட்டது. இருபது வருடமாக எழுதுகிறேன். என்னைப் படித்து யாரும் ஒரு 'ம்' கொட்டியதாகக்கூடத் தகவல் இல்லை.

2

[தொடக்கம், முதல் முயற்சி: 'கதிரவன் மலைமுகட்டில் தன் பொற்கரங்களை...' வேண்டாம். அவன் பாட்டுக்கு இருக்கட்டும்.]

டீச்சருக்கு அந்த மௌனம்தான் உயிர். ஒலிப்பதிவாளருக்கோ அதுதான் எமன். இவ்வளவு நேரம் சும்மா இருந்தால் ரேடியோ ரிப்பேர் என்று நினைத்து அணைத்துவிடுவார்கள் என்று தினமும் முணுமுணுப்பார். பிள்ளைகள் விரல்விட்டு எண்ண வேண்டாமா என்பாள் இவள். ஒரு விநாடிகூட விட்டுத்தர மாட்டாள்.

3

ஒரு சந்தை நாளில் நிலையத்துக்குப் போன் வந்தது. டீச்சர்தான் எடுத்தாள். ஆடு வளர்ப்பவர் ஒருவர். வீட்டில் சிக்னல் கிடையாது, சந்தைக்கு வந்தால்தான் பேச முடியும் என்று முன்னுரை சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார். அவருடைய ஏழு வயது மகள், எட்டும் ஏழும் பதினாலு என்கிறாளாம்.

"பதினைஞ்சும்மான்னா நம்பமாட்டேங்கிறா. பதினாலுன்னதுக்கு டீச்சரே ரொம்ப சரின்னுட்டாங்களாம். யானைக்கும் அடி சறுக்கும்னேன். ரேடியோவுக்குச் சறுக்காதுங்கிறா."

டீச்சர் சிரித்தாள். ஆனால் அவர் மேலும் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. அங்கே கூடப் படிக்க வேறு பிள்ளை இல்லையாம். தான் சொல்வதைத் தினமும் காது கொடுத்துக் கேட்பது டீச்சர் ஒருத்திதான் என்று மகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

(பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை வருடமாக இப்படி நடக்கும் என்று டீச்சருக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? தோன்றியிருக்கும். எனக்கும்தான் பல விஷயங்கள் தோன்றுகின்றன, என்ன செய்துவிட்டேன்?)

4

உண்மையைச் சொன்னால் கணக்கு நேராகும். பிள்ளைக்குப் பேச ஆளில்லாமல் போகும். சொல்லாவிட்டால் பதினாலு பதினாலாகவே இருக்கும். இரண்டு நாள் பாடத்தில் டீச்சர் கூட்டல் பக்கமே போகவில்லை. நான் அவளைக் காப்பாற்ற ஒரு புயலை வரவழைத்து, ஒலிபரப்புக் கோபுரத்தைச் சாய்த்து... [அடித்துவிட்டேன். கோழைத்தனம்.]

மூன்றாம் நாள் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"கண்ணு, நீ சொல்றது எனக்குக் கேக்காது. இத்தனை நாளும் கேட்ட மாதிரியே பேசிட்டேன், தப்பு என் மேலதான். எட்டும் ஏழும் பதினைஞ்சு. நீயே எண்ணிப் பாரு. எண்ணிட்டுச் சொல்லு, நான் இருக்கேன்."

அன்று பன்னிரண்டு விநாடி விட்டாள். ஒலிப்பதிவாளர் வாயே திறக்கவில்லை.

5

அடுத்த சந்தை நாள். அதே அப்பாவின் குரல்.

[முடிவு அ: மகள் ரேடியோவை அணைத்துவிட்டாள். எழுதும்போதே அழுகை வந்தது, அதனால் நம்பவில்லை. முடிவு ஆ: மன்னித்துவிட்டாள். ஏழு வயதில் யார் அவ்வளவு சுலபமாக மன்னிக்கிறார்கள்?]

அவர் சொன்னது இதுதான். கேட்காது என்று டீச்சர் சொன்னதும் பிள்ளை ரேடியோவையே வெறித்துப் பார்த்தாளாம். விரல்விட்டு எண்ணினாளாம். அப்புறம் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறிவிட்டாளாம். அன்றிலிருந்து பாடமெல்லாம் அங்கேதானாம். (சத்தியமாக அந்தப் பாறை என் திட்டத்தில் இல்லை.)

"தொண்டை கிழியக் கத்துறா டீச்சர். ஆடெல்லாம் மிரளுது."

முதல் நாள் என்ன கத்தினாள் என்று டீச்சர் கேட்டாள்.

"பதினைஞ்சு."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், சொன்னால் என்ன.

"கேட்டுச்சான்னு விசாரிச்சிட்டு வரச் சொல்லியிருக்கா. கேட்டுச்சா டீச்சர்?"

'கேட்டுச்சு' என்று ஒருமுறை எழுதினேன். 'கேக்கலை' என்று ஒருமுறை எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். அவர் லைனில்தான் இருக்கிறார். சாயங்காலம் வீடு திரும்பினால் மகளுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். என்னால் ஆகாது. போனை நீங்கள் வாங்கிப் பேசுங்கள்.