குடில் பெட்டிக்குள் வெனிலா

பரணில் இருந்த கிறிஸ்துமஸ் குடில் பெட்டியைத் திறந்ததும் அகஸ்டினாவுக்குத் திக்கென்றது. வைக்கோலுக்கு நடுவே, சூசையப்பர் பொம்மைக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் பின்னால் அவள் ஒளித்து வைத்த பாட்டில் அங்கேயேதான் நின்றது. ஆனால் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது.

எட்டு வாரத்துக்கு முன் வாங்கிய வோட்கா. எசென்ஸ் எடுக்க அதில் ஆறு வெனிலா காய்களை நீளவாக்கில் கீறி ஊறப்போட்டிருந்தாள். முதல் தடவை வெறும் தண்ணீரில் போட்டுப் பூசணம் பிடித்து அத்தனையும் குப்பைக்குப் போனது. மதுவில் ஊறினால்தான் காய் தன் வாசனையை முழுசாக விட்டுக்கொடுக்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது. புதுச்சேரியில் வோட்கா வாங்குவதா கஷ்டம்? அதை வீட்டுக்குள் வைப்பதுதான் கஷ்டம். கணவன் ஜோசப் ஆனந்த் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. அதனால்தான் டிசம்பரில் மட்டும் திறக்கிற பெட்டி. தினமும் அவன் வேலைக்குக் கிளம்பியதும் பரணில் ஏறி ஒரு குலுக்கு. தண்ணீர் போலத் தெளிவாக இருந்த வோட்கா மெல்ல மெல்லத் தேயிலை நிறத்துக்கு வந்தது.

இன்று கருவடிக்குப்பத்தில் ஒரு குழந்தையின் புதுநன்மை விருந்துக்குக் கிரீம் அடைத்த எக்ளேர் எண்பது செய்து தரவேண்டும். கடை எசென்ஸ் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். முட்டை வாங்க அவள் வெளியே போயிருந்த முக்கால் மணி நேரம், லீவில் இருந்த ஜோசப் மட்டும்தான் வீட்டில். காய் உறிஞ்சியிருக்குமோ? ஆறு காய் இரண்டு விரலையா உறிஞ்சும்?

பாட்டிலை முகர்ந்து பார்த்துச் சமையல் மேடையில் வைத்தாள். அடுப்பில் பாலும் முட்டையும் கிரீமாகத் திரண்டுகொண்டிருந்தபோது அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"நான்தான் எடுத்தேன். ஃபேன் துடைக்க ஏறுனேன். ஆட்டுக்குட்டி எல்லாம் கேக் வாசனை அடிக்குதேன்னு பாத்தேன்."

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. "குடிச்சீங்களா?"

"டம்ளர்ல ஊத்தினேன். வாய் வரைக்கும் போச்சு. சிங்க்ல கொட்டிட்டேன். ஊதிக் காட்டட்டுமா, போலீஸ்காரம்மா?"

பதிலுக்குக் காத்திராமலே கிட்டே வந்து, குடித்த நாட்களில் போலவே ஊதினான். வெனிலா. ஆனால் அவள் கையிலும் வெனிலா, மேடையிலும் வெனிலா. எது எங்கிருந்து வருகிறது என்று எப்படிப் பிரிப்பது?

"முன்னாடி நான் ஒளிச்சு வைப்பேன், நீ தேடுவ. இப்ப நீ ஒளிச்சு வைக்கிற," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண்கள் சிரிக்கவில்லை.

அகஸ்டினா அடுப்பை அணைத்தாள். பாட்டிலை அவன் பக்கம் தள்ளினாள்.

"நாலு ஸ்பூன் ஊத்துங்க. கொதியில ஊத்துனா வாசனை பறந்துடும். இப்பத்தான் ஊத்தணும்."

"நானா?"

"என் கை பிசுக்கா இருக்கு." கை சுத்தமாகத்தான் இருந்தது.

அவன் மூடியைத் திருகினான். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் ஸ்பூன் நிரம்பி, ஒரு துளி ஆள்காட்டி விரலில் வழிந்தது. நாலாவதையும் ஊற்றிவிட்டுப் பாட்டிலை இறுக மூடினான். விரல் நுனியில் அந்தத் துளி விழாமல் நின்றது. அகஸ்டினா கரண்டியைப் பிடித்தபடி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.