கரண்டி வருவதற்கு முன்னால்

வாயில் தோஃபுவோடு இருந்த பெரியவர் அட்சுமியிடம், ஊட்டிக்கொண்டிருந்த தொகாஷி அந்தக் கேக் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது. மாமனாருக்குக் குனிந்து வணக்கம் வைத்த மாப்பிள்ளையின் தலை கல்யாணக் கேக்குக்குள் புதைந்த கதை. முதியோர் விடுதிக்கு வந்த நாளிலிருந்து சிரித்தே அறியாத அட்சுமி அன்றைக்குப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. உதடு நீலம் பாரித்தது. பிரிவுத் தலைவி ஹொன்மா ஓடி வந்து, அவரை முன்னால் சாய்த்து முதுகில் தட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. தொகாஷி கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்துப் பிழைத்தவன் அவன். சகாதா ஊரில் கல்யாணம் கட்டிக்கொள்ள ஆளில்லாமல் மண்டபத்தையே மூடிவிட்டார்கள். "நல்லாப் பேசறீங்களே, முதியோர் பராமரிப்பு உங்களுக்குப் பொருந்தும்" என்றாள் வேலைவாய்ப்பு அலுவலகப் பெண். பேச்சு ஆளைக் கொல்லும் என்பதை அவள் சொல்லவில்லை.

அந்த வாரத்தோடு அவனுடைய பயிற்சிக் காலம் முடிய இருந்தது. மறுநாள் ஹொன்மாவின் முன் போய்க் குனிந்து நின்றான்.

"ஹொன்மா சான், நான் இந்த வேலைக்கு ஆகமாட்டேனா? நேராச் சொல்லிடுங்க."

ஹொன்மா பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினாள். "அது வந்து... கொஞ்சம்... இல்லையா?"

"கொஞ்சம்னா?"

"நீங்க பாடுபடறது எல்லாருக்கும் தெரியும்." சன்னலைப் பார்த்தாள். "இந்த வருஷம் பனி அதிகம்தான். இன்னிக்குக் கரண்டி வேண்டாம், வாய்ப் பயிற்சிக்கு நில்லுங்க."

பனியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் அந்த ஊரில் அதற்கு மேல் கேட்கக் கூடாது. குளியல் பிரிவில் கேட்டான். முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். சமையலறையில் கேட்டான். ஆறுதலாக உலர்ந்த காக்கிப் பழம் ஒன்றைக் கையில் வைத்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன், தொண்டை விழித்துக்கொள்ள எல்லாரும் சேர்ந்து "பா, தா, கா, ரா" என்று உரக்கச் சொல்வது வழக்கம். தொகாஷி முணுமுணுத்தான்.

"டேய் மைக்கு, இது என்ன சாவு வீடா?" என்றார் அட்சுமி. "தொண்டையத் திறடா!"

தொகாஷி திறந்தான். "இதோ, மேடைக்கு வருகிறார் மணமகன் பா! நாணத்தோடு பின்னால் மணமகள் தா!" சக்கர நாற்காலிகள் குலுங்கின. வராத குரல்களெல்லாம் வந்தன.

தட்டுகள் வந்தன. தொகாஷி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான். அட்சுமி ஒரு இருமல் இல்லாமல் கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகுதான் அவன் அருகே போய் மண்டியிட்டான்.

"அட்சுமி சான், அன்னைக்கு நடந்ததுக்கு மன்னிச்சிடுங்க. நான் போயிடட்டுமா?"

"ஊட்டறதுக்கு நீ லாயக்கில்ல. சாப்பாட்டுக்கு முன்னால வந்து சிரிக்க வை, தட்டு வந்ததும் ஓடிடு." அட்சுமி வாயைத் துடைத்தார். "மூச்சு நின்னப்பக்கூட எனக்கு அந்தக் கேக்தாண்டா தெரிஞ்சுது. ஏம்மா ஹொன்மா, இவனை வச்சுக்கறியா இல்லையா?"

ஹொன்மா சன்னல் பக்கம் திரும்பினாள். தொகாஷி பனிப் பேச்சுக்குத் தயாரானான்.

"வச்சுக்கறேன்" என்றாள்.