ஒன்பது நிமிடம்

சுமை தூக்குகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தோளில் மூட்டை நழுவினால் பிடிக்கப் போகக் கூடாது. விட்டுவிட்டு விலகிவிட வேண்டும். அப்படிப் பிடிக்கப் போன கூட்டாளி ஒருவன், நண்டு என்று பட்டப்பெயர், இன்றைக்கும் கட்டையை ஊன்றித்தான் நடக்கிறான். இவர் முப்பத்தோரு வருடம் அந்தச் சட்டப்படி பிழைத்தவர். கடைசியில் கிடங்கில் அடுக்கே சரிந்து முதுகெலும்பு விரிசல் விட்டது. இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கிடைத்த நஷ்டஈட்டை அப்படியே அரசாங்கக் கடன் பத்திரத்தில் போட்டார். வருகிற வட்டியில் வாடகையும் புருஷன் பெண்டாட்டி வயிறும் நடக்கும். வேறு வரும்படி கிடையாது.

வாங்கிக் கொடுத்தவன் மனைவியின் தம்பி. செல்போனிலேயே முடித்தான். விலை இறங்கினால் தானாக விற்கச் சொல்லி வைக்கலாம், ஆனால் இதற்கு அது வேண்டாம், பத்திரம் கல்லுக்குண்டு மாதிரி கிடக்கும் என்றான். இவர் கேட்கவில்லை. நழுவுவதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க நான் என்ன நண்டா என்றார். நூறு ரூபாய்க்கு வாங்கியது தொண்ணூற்றைந்துக்கு வந்தால் விற்றுவிடச் சொல்லி வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்கு, இவர் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் பத்திரங்களை விற்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்று விற்றது. அதைப் பார்த்து நூறு விற்றன. விலை மளமளவென்று சரிந்தது. மனுஷன் ஒருத்தன் விரலைக்கூட அசைக்கவில்லை. ஒன்பது நிமிடம் கழித்து எல்லாம் திரும்ப ஏறி, மத்தியானத்துக்குள் தொண்ணூற்றொன்பதில் வந்து ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துகொண்டது. இவருடையது மட்டும் அறுபத்திரண்டுக்கு விற்றுப் போயிருந்தது.

மறுநாள் இவரும் மைத்துனனும் தரகு அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண். மைத்துனன் மேசையைத் தட்டிப் பேசினான், பிறகு கெஞ்சினான். தொண்ணூற்றைந்து என்றுதானே சொன்னோம், அறுபத்திரண்டுக்கு விற்கச் சொன்னது யார் என்று கேட்டான். அவள் கோபப்படவில்லை. திரையை இவர் பக்கம் திருப்பினாள்.

“தொண்ணூத்தஞ்சு வந்தா விக்கணும்னு சொல்லியிருக்கீங்க ஐயா. இந்த விலைக்குக் கீழ விக்காதேன்னு சொல்லலையே. அந்த நேரத்துல வாங்க வந்த விலை அதுதான்.”

“வாங்கினது யாரும்மா?”

“அதுவும் மெஷின்தான் ஐயா.”

யார் சட்டையைப் பிடிப்பது என்றே இவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து டீ வாங்கினார்கள். மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு, “நான் கண்டிஷனா சொல்லியிருக்கணும் மாமா” என்றான். நீ சொன்னாய், நான்தான் பெரிய கெட்டிக்காரன் என்றார் இவர். மிச்சப் பணத்தின் வட்டி வாடகைக்கே காணாது.

வீட்டில் மனைவி அழவில்லை. எவ்வளவு போச்சு என்று மட்டும் கேட்டாள். சொன்னார். அவள் போய், ஊறவைத்த துணிகளைத் துவைக்க ஆரம்பித்தாள். துணி அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, கிடங்கு வாசலில் அன்றாடக் கூலிக்கு நிற்கிறவர்களோடு நின்றார். மேஸ்திரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இவர் முன்னால் நின்றார்.

“முதுகு எப்படிய்யா இருக்கு?”

“சரியாப் போச்சு.”

மேஸ்திரி சிமென்ட் லாரிப் பக்கம் கையைக் காட்டினார்.