சம்ப்பில் போட்ட ஒயின்

என் வீட்டுக்காரர் சில்வெஸ்டரிடம் ஒன்றைச் செய்ய வேண்டாம் என்று சொன்னால், அன்றைக்கே அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்திய எனக்கே இதற்கு ஒரு வழி தெரியவில்லை. மாடி அறையில் வாடகைக்கு இருந்த லெபனான் பையனுக்கு எப்படித் தெரியும்?

அவன் பெயர் எலியாஸ். பார்மசி படிக்க பெங்களூருக்கு வந்து, ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக இருந்தான். இட்லிக்குத் தயிர் ஊற்றிச் சாப்பிடுவான். மற்றபடி நல்ல பிள்ளை. அவன் ஊரில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் இருந்தன. தாத்தா தொடங்கியதை அப்பாவும் அவருடைய நான்கு தம்பிகளும் நடத்தினார்களாம். குண்டு விழுந்த வருடங்களிலும் அறுவடையை நிறுத்தவில்லை என்பான். சோதனைச் சாவடியில் நின்ற லாரியிலேயே திராட்சை நுரைக்கத் தொடங்கிவிடுமாம்.

முதல் கிறிஸ்துமஸுக்கு வீட்டு ஒயின் ஒரு பாட்டில் கொடுத்தான். சில்வெஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னப்பா இது, சர்க்கரையே இல்ல! கிராம்பு இல்ல, பட்டை இல்ல. ஒங்க ஊர்ல எல்லாருக்கும் சுகரா?" எலியாஸ் சிரித்தான். அது எட்டு வருடம் சிமென்ட் தொட்டியிலும் பாட்டிலிலும் இருந்த ஒயின் என்று சொன்னான். சில்வெஸ்டர் காதில் விழுந்தது சிமென்ட் தொட்டி மட்டும்தான்.

தொண்ணூற்றாறில் எங்கள் மகள் டீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கிளிஃபர்ட் காக்ஸ் டவுன் பையன். அவன் அம்மா போடும் ஒயினுக்கு அந்தப் பக்கத்தில் பெரிய பேர். எங்கள் ஆட்கள் கல்யாணத்தில் கேக் வெட்டியதும் ஒயின் கொடுக்க வேண்டும். ஜனவரியில் முந்நூறு பேர் வருவார்கள். கடையில் வாங்கி ஊற்றினால் சம்பந்தி அம்மா உதட்டைப் பிதுக்குவாள் என்று இவருக்கு ஒரே கவலை. பேக்கரியில் மாவு பிசைகிறவர் வேறு. "முப்பது வருஷமா ஈஸ்டோட குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாத பொங்கலா?" என்பார்.

அந்த வருடம்தான் காவேரித் தண்ணீர் லைன் வருகிறது என்று நம்பி, வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, சம்ப், கட்டினோம். ஆறடி ஆழம், மேலே ஓர் ஆள் இறங்குகிற அளவு வாய், இரும்பு மூடி. தண்ணீர் வரவில்லை, தொட்டி காய்ந்து கிடந்தது. இவர் கண் அதன்மேல் விழுந்தது.

"ஜாடியில போட்டா முப்பது பாட்டில் தேறும். இதுல போட்டா ஊருக்கே ஊத்தலாம். அவங்க ஊர்ல சிமென்ட்லதானே போடுறாங்க?" என்று எலியாஸின் அறைச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினார். அதில் சிமென்ட் தொட்டிகளுக்கு முன்னால் அவன் அப்பாவும் நான்கு சித்தப்பாக்களும் தோளில் கை போட்டு நின்றார்கள்.

எலியாஸ் எழுந்து அந்தப் படத்தில் ஒவ்வொரு முகமாக விரல் வைத்தான். "இவர் தொட்டி கழுவ இறங்கினார். எழுந்துக்கல. தூக்கறதுக்கு இவர் குதிச்சார். ரெண்டு பேரும் வரலன்னு இவர் குதிச்சார். ஒரே காலையில மூணு பேர், அங்கிள். திராட்சை பொங்கறப்போ வர்ற காத்துக்கு வாசனை இல்ல. கீழயே தங்கிடும்."

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இவர் என்னவோ, "எங்க ஊர்த் திராட்சை அப்படிப்பட்டது இல்லப்பா" என்றார்.

ஆகஸ்டில் தேவனஹள்ளியிலிருந்து முந்நூறு கிலோ கறுப்புத் திராட்சை வந்தது. சம்ப்பைக் கழுவிக் காயவைத்து, திராட்சையை நசுக்கிக் கொட்டி, சர்க்கரையும் கோதுமையும் ஈஸ்டும் போட்டு மூடினார். மூன்றாம் நாள் மூடிக்குக் கீழே முணுமுணுவென்று சத்தம் வந்தது. துணி காயப் போடப் போகும்போதெல்லாம் அந்தச் சத்தம் என்னை அழைப்பது போலிருக்கும். ஒருமுறை மூடியைத் திறந்தபோது சுவரில் இருந்த பல்லி ஒன்று உள்ளே விழுந்து செத்தது. எலியாஸ் ஒரு மெழுகுவர்த்தியைக் கம்பியில் கட்டி இறக்கிக் காட்டினான். அது இரண்டு அடி போனதும் அணைந்தது. நான் செபமாலையை எடுத்துக்கொண்டேன். இவர், "காத்தடிச்சா அணையத்தான் செய்யும்" என்றார்.

இருபத்தோரு நாள் கழித்து மேலிருந்தபடியே ஹோஸ் போட்டு ஒயினை உறிஞ்சி பிளாஸ்டிக் கேன்களில் நிரப்பினோம். அடியில் ஓர் அடி உயரத்துக்குத் திராட்சைச் சக்கை நின்றது. "ரெண்டு நாள் மூடியத் திறந்து வைங்க. ஃபேன் போட்டு ஊதுவோம். ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கேன், இடுப்புல கயிறு கட்டி இறங்கலாம். தனியா இறங்காதீங்க, அங்கிள். ப்ராமிஸ் பண்ணுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான் எலியாஸ். இவர் ப்ராமிஸ் செய்தார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

சனிக்கிழமை காலை எலியாஸ் பரீட்சைக்குப் போனான். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் ருசி பார்க்க வருவதாக ஆள் அனுப்பினார்கள். சந்து முழுக்கப் புளித்த வாடை. "இந்த நாத்தத்தோடவா அவங்கள உள்ள கூப்பிடுறது?" என்று ஏணியை இறக்கினார்.

"கயித்தையாவது கட்டிக்கோங்க."

"நான் என்ன மாடா, கேத்தி? நீ வாளியத் தூக்கு, போதும்."

நான் தடுத்திருக்க வேண்டும். ஏணியைப் பிடுங்கியிருக்க வேண்டும். வாளியைத்தான் இறக்கினேன். முதல் வாளி வந்தது. இரண்டாவது வாளி பாதிதான் இருந்தது. மூன்றாவது வரவில்லை. எட்டிப் பார்த்தேன். களைத்துப்போன ஆள் மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன். தலை தொங்கியது.

நான் ஏணியில் காலை வைத்தேன். தலை உள்ளே போகிற அளவு இறங்கியபோது பின்னாலிருந்து யாரோ என் தோளைப் பற்றி மேலே இழுத்தார்கள். பரீட்சை முடித்து வந்த எலியாஸ். அவன் பை சந்தில் சிதறிக் கிடந்தது. "ஃபேன் கொண்டு வா! ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ணு!" என்று டீனாவிடம் கத்தினான். ஒரு கையால் என்னை அமுக்கிக்கொண்டு, மறு கையால் நுனியில் கொக்கி உள்ள துணிக்கொம்பை விட்டு இவர் காலரில் மாட்டி இழுத்தான். ஓர் அடி எழும்பினார். சட்டை கிழிந்தது. மறுபடி மாட்டினான், மறுபடி கிழிந்தது. டீனா கொண்டு வந்த ஃபேன் காற்று அடிவரை எட்டவில்லை.

பக்கத்து வீட்டு உத்தமன் ஓடி வந்து, "நகருடா, நான் எறங்குறேன்" என்றான். எலியாஸ் சம்ப்பின் வாய்மேல் குறுக்கே படுத்துக்கொண்டான். உத்தமன் அவனை உதைத்தான். நான் எலியாஸின் மணிக்கட்டைக் கடித்தேன், வாயில் ரத்தம் வந்தது. "ஆன்ட்டி, வேணாம் ஆன்ட்டி" என்று அழுதானே தவிர, என் புடவையைப் பிடித்த கையை விடவில்லை. தீயணைப்பு வண்டி வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கித் தூக்கினார்கள். உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

போலீஸ் வந்தது. எனக்கு யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. செத்தவர் மேல் பாய முடியுமா? "இந்தப் பையன்தான் என்னப் புடிச்சு வச்சிட்டான். சம்ப் மேல படுத்துக்கிட்டான். விட்டிருந்தா என் புருஷனத் தூக்கியிருப்பேன். சாகட்டும்னு பாத்துட்டிருந்தான்" என்றேன். உத்தமனும் ஆமாம் என்றான். இன்ஸ்பெக்டர் எலியாஸிடம், "புடிச்சு வச்சியா?" என்று கேட்டார். "ஆமா, நான்தான் புடிச்சேன்" என்றான். கட்டுப் போடாத கையோடு ஜீப்பில் ஏற்றினார்கள்.

பதினோரு நாள் விசாரித்துவிட்டுத்தான் வெளியே விட்டார்கள். கல்லூரி அவன் பெயரை நீக்கியது. ஊருக்குப் போகுமுன் சாமான் எடுக்க வந்தவனை நான் மாடிக்கு ஏறவிடவில்லை. டீனாதான் பெட்டியைக் கொண்டு போய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, "அவன் விட்டிருந்தா எனக்கு ரெண்டு சவப்பெட்டி மம்மி. போய் அத அவன்கிட்டயே சொல்லுங்க" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவளுக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு. ஏணியில் இறங்கித் தலை சம்ப்புக்குள் போனதுமே எனக்கு மூச்சு நின்றது, கண் இருண்டது, கை தானாக விட்டது. நான் விழுந்துகொண்டிருந்தேன். அவன் பிடித்தது அப்போதுதான். போலீஸிடம் பேசும்போது இது எனக்கு நன்றாகவே நினைவிருந்தது.